கடிகாரத்துக்குத் தனி சிம் வேண்டுமா?

(மாலை நேரக் கற்றல் மையம் ஒன்றில் பேசியது)



இன்று நான் கைக்கடிகாரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். கடிகாரத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? மணி பார்க்கிறோம், அவ்வளவுதானே என்று நினைப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

நம்முடைய கோலார் தங்கவயலில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சுரங்கம் ஓடிய காலத்தில் சங்கு ஊதும். சங்குதான் நமக்குக் கடிகாரம். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். சங்கும் நின்றது. இப்போது நமக்கு ரயில்தான் மணி சொல்கிறது. விடிவதற்கு முன் ரயில் ஏறுகிறோம். சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறோம். இருட்டிய பிறகு வீடு திரும்புகிறோம்.

பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? வயதானவர்கள். பல வீடுகளில் தனியாக. நான் பேசப் போகும் விஷயம் இங்கேதான் தொடங்குகிறது.

என் கையைப் பாருங்கள். இடது கையில் ஒரு கடிகாரம். வலது கையில் ஒரு கடிகாரம். இரண்டுக்கும் கறுப்புக் கண்ணாடி. இரண்டுக்கும் ரப்பர் பட்டை. விரலால் தொட்டால் இரண்டும் விழிக்கும். இவற்றை ஸ்மார்ட் வாட்ச் என்கிறார்கள். இடது கைக் கடிகாரத்தின் விலை 1,800 ரூபாய். வலது கைக் கடிகாரத்தின் விலை கிட்டத்தட்ட 30,000 ரூபாய். இது என்னுடையது அல்ல. பழுது பார்க்க வந்தது. உங்களுக்குக் காட்டுவதற்காக, உரியவரிடம் கேட்டுக் கொண்டு வந்தேன்.

இரண்டிலும் போன் பேசலாம். அப்படியானால் விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? காரணம் பல உண்டு. அதில் முக்கியமான ஒன்றை இன்று பார்ப்போம். வலது கைக் கடிகாரத்துக்குத் தனி சிம் இருக்கிறது. இடது கைக் கடிகாரத்துக்கு இல்லை.

அந்தத் தனி சிம் நமக்குத் தேவையா? இதுதான் கேள்வி.

என் அத்தையின் கதை

என் அத்தைக்கு 68 வயது. மாமா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இப்போது அவர் இல்லை. அத்தை லைன் வீட்டில் இருக்கிறார். மகன், அதாவது என் மச்சான், பெங்களூரில் வேலை செய்கிறான். காலையில் போனால் இரவுதான் வருவான்.

ஒரு நாள் அத்தை பின்பக்கம் துணி துவைத்துக் கொண்டிருந்தார். சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கியது. விழுந்துவிட்டார். இடுப்பில் நல்ல அடி. எழுந்திருக்க முடியவில்லை. செல்போன் முன் அறையில் சார்ஜில் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் போன் மணி அடித்தது. மகன்தான் கூப்பிட்டான். அத்தைக்கு அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது. ஆனால் போய் எடுக்க முடியவில்லை. அடித்து அடித்து மணி நின்றது. மகன் என்ன நினைத்தான்? அம்மா கடைக்குப் போயிருப்பார் என்று நினைத்தான்.

அரை மணி நேரம் கழித்துப் பக்கத்து வீட்டு அம்மா வந்து தூக்கி உட்கார வைத்தார். நல்ல வேளை, எலும்பு முறியவில்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்தை அத்தை மறக்கவில்லை. மகனும் மறக்கவில்லை.

அடுத்த வாரம் மச்சான் ஒரு கடிகாரம் வாங்கி வந்தான். இதோ, இந்த இடது கைக் கடிகாரம்தான். "இதுல போன் பேசலாம்" என்று கடைக்காரர் சொன்னாராம். அத்தை கையில் கட்டிப் பேசிப் பார்த்தார். பேச முடிந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். நான் பல வருடமாக செல்போன் பழுது பார்க்கும் தொழில் செய்கிறேன். எனக்குச் சந்தேகம் வந்தது.

"அத்தை, போனை வீட்டிலேயே வெச்சிடுங்க. கடிகாரத்தோட தெருமுனை வரைக்கும் போங்க. அங்கிருந்து எனக்கு போன் போடுங்க" என்றேன்.

அத்தை போனார். நான் காத்திருந்தேன். போன் வரவே இல்லை. அத்தை திரும்பி வந்தார்.

"கண்ணு, இது ஊமையாப் போச்சு. மணி மட்டும்தான் காட்டுது" என்றார்.

மச்சான் முகம் வாடிவிட்டது. "ஏமாத்திட்டாங்க மச்சான். சிம் போட்ட கடிகாரம் 30,000 ரூபாயாம். தவணையில வாங்கிடறேன்" என்றான்.

"30,000 ரூபாயா? கடன் வாங்கிக் கடிகாரம் கட்டணுமா?" என்று அத்தை கேட்டார்.

"ஒரு வாரம் பொறுங்க. யோசிச்சு முடிவு பண்ணுவோம்" என்று நான் சொன்னேன். அந்த ஒரு வாரத்தில் நாங்கள் என்ன செய்தோம் என்று பிறகு சொல்கிறேன். முதலில் இந்தக் கடிகாரம் ஏன் ஊமையானது என்று பார்ப்போம்.

ட்யூபும் குழாயும்

உங்கள் வீட்டில் தண்ணீர்க் குழாய் இல்லை என்று வைத்துக் கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக் குழாயில் ரப்பர் ட்யூபை மாட்டித் தண்ணீர் பிடிக்கிறீர்கள். ட்யூப் எட்டும் தூரம் வரைதான் தண்ணீர் வரும். பக்கத்து வீட்டுக் குழாய் நின்றால் உங்கள் தண்ணீரும் நிற்கும். உங்கள் வீட்டுக்கே தனிக் குழாய் போட்டால்? அப்போது பக்கத்து வீட்டை நம்ப வேண்டாம். ஆனால் இணைப்புக்குப் பணம் கட்ட வேண்டும். மாதா மாதமும் கட்ட வேண்டும்.

கடிகாரமும் இப்படித்தான்.

இந்த 1,800 ரூபாய்க் கடிகாரத்துக்கும் அத்தையின் செல்போனுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ட்யூப் இருக்கிறது. அதன் பெயர் ப்ளூடூத். இது ஒரு வகை வானொலி அலை. கடிகாரம் தானாக டவரோடு பேசாது. செல்போன்தான் டவரோடு பேசும். நம் குரல் கடிகாரத்திலிருந்து செல்போனுக்குப் போகும். செல்போனிலிருந்து டவருக்குப் போகும். இந்த ட்யூப் சாதாரணமாக 10 மீட்டர், அதாவது சுமார் 30 அடி தூரம் எட்டும். நடுவில் சுவர் இருந்தால் தூரம் குறையும்.

செல்போனை வீட்டில் வைத்துவிட்டுத் தெருமுனைக்குப் போனால் ட்யூப் அறுந்துவிடும். அதனால்தான் கடிகாரம் ஊமையானது. கடிகாரம் கெட்டுப் போகவில்லை. கடைக்காரர் சொன்னதும் பொய் இல்லை. ஆனால் பாதியைத்தான் சொன்னார். "போன் பேசலாம்" என்றார். "செல்போன் பக்கத்தில் இருந்தால்தான்" என்பதைச் சொல்லவில்லை.

வலது கைக் கடிகாரம் வேறு வகை. இதற்குள் சிம் இருக்கிறது. இது நேராக டவரோடு பேசும். செல்போன் வீட்டில் இருக்கலாம். நீங்கள் சந்தையில் இருக்கலாம். டவர் எட்டுகிற இடத்தில் கையிலிருந்தே பேசலாம். இப்படிப்பட்ட ஆப்பிள் கடிகாரம் 2018ஆம் ஆண்டு மே மாதம் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. ஏர்டெல், ஜியோ என்ற இரண்டு நிறுவனங்கள் அதற்கு இணைப்புக் கொடுத்தன.

இதில் சிம்மை எங்கே போடுவது என்று தேடுகிறீர்களா? போட இடமே இருக்காது. சிம் உள்ளேயே பதிந்திருக்கும். இதற்கு இ-சிம் என்று பெயர். செல்போன் நிறுவனம் இதைத் திறந்து கொடுக்கும். உங்கள் செல்போன் எண்ணே கடிகாரத்திலும் வேலை செய்யும். ஆனால் செல்போனுக்கும் கடிகாரத்துக்கும் ஒரே நிறுவனத்தின் இணைப்பு இருக்க வேண்டும்.

சிம் இல்லாமலே நடக்கும் வேலைகள்

சிலர் நினைக்கிறார்கள், சிம் இல்லாவிட்டால் கடிகாரம் ஒன்றுக்கும் உதவாது என்று. அது தவறு.

மணி காட்ட சிம் வேண்டாம். எத்தனை அடி நடந்தோம் என்று எண்ண சிம் வேண்டாம். நாடித் துடிப்பைக் காட்ட சிம் வேண்டாம். மாத்திரை சாப்பிடும் நேரத்தில் கையைத் தட்டி எழுப்ப சிம் வேண்டாம். இவை எல்லாம் கடிகாரத்துக்கு உள்ளேயே நடக்கும் வேலைகள்.

ஜி.பி.எஸ். என்று ஒன்று சொல்வார்கள். அதற்கும் சிம் வேண்டாம். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பலர் ஏமாறும் இடம் இதுதான்.

பூமிக்கு மேலே சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. அவை ஓயாமல் அலைகளை அனுப்புகின்றன. கடிகாரம் அந்த அலைகளைப் பிடித்து, தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போடும். பிடிக்கத்தான் முடியும். அந்த வழியில் திருப்பி அனுப்ப முடியாது.

அப்படியானால் ஜி.பி.எஸ். கடிகாரத்துக்குத் தன் இடம் தெரியும். ஆனால் அந்த இடத்தை வீட்டுக்குச் சொல்ல வேண்டுமே? அதற்கு செல்போன் பக்கத்தில் இருக்க வேண்டும். அல்லது சொந்த சிம் இருக்க வேண்டும். வழி தெரிவது ஒன்று. வழியை மற்றவருக்குச் சொல்வது வேறொன்று.

கீழே விழுந்ததைத் தானே கண்டுபிடிக்கும் வசதியும் சில கடிகாரங்களில் உண்டு. விழுந்தவர் அசையாமல் கிடந்தால் கடிகாரமே போன் போடும். நல்ல வசதிதான். ஆனால் அதற்கும் ஒரு வழி வேண்டும். பக்கத்தில் செல்போன், இல்லாவிட்டால் சொந்த சிம். மேலும், எல்லா விழுதலையும் அது கண்டுபிடித்துவிடும் என்று சொல்ல முடியாது.

அத்தை எழுதிய கணக்கு

இப்போது அந்த ஒரு வாரக் கதைக்கு வருகிறேன்.

அத்தை இந்த மையத்தில்தான் எழுதப் படித்தார். அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. நான் அதில் நான்கு கட்டம் போட்டுக் கொடுத்தேன். முதல் கட்டத்தில் நேரம். இரண்டாவது கட்டத்தில் "நான் எங்கே?" மூன்றாவது கட்டத்தில் "போன் எங்கே?" நான்காவது கட்டத்தில் "வீட்டில் வேறு யார்?"

"அத்தை, ஏழு நாள் எழுதுங்க. மறக்காம எழுதுங்க" என்றேன்.

"நான் எங்கே இருக்கேன்னு நானே எழுதணுமா?" என்று கேட்டுச் சிரித்தார். ஆனாலும் எழுதினார். தடித்த எழுத்தில், அழகாக எழுதினார்.

ஏழாவது நாள் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து படித்தோம். நாங்கள் நினைக்காத சில விஷயங்கள் தெரிந்தன.

அத்தை பகலில் பெரும்பாலும் வீட்டிலும் பின்பக்கத்திலும்தான் இருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் சந்தைக்குப் போகிறார். ஒரு நாள் கோயிலுக்குப் போகிறார். சந்தைக்கு போனை எடுத்துக் கொண்டு போகிறார். கோயிலுக்குத்தான் எடுத்துப் போவதில்லை. கோயிலில் கூட யார்? பக்கத்து வீட்டு அம்மா.

அவர் அதிகமாகத் தனியாக இருக்கும் இடங்கள் எவை? துவைக்கும் கல், குளியலறை. போன் எங்கே இருக்கிறது? முன் அறையில். நடுவில் இரண்டு சுவர்.

நாங்கள் சோதித்துப் பார்த்தோம். போனை முன் அறையில் வைத்தோம். அத்தை கடிகாரத்தோடு பின்பக்கம் நடந்தார். துவைக்கும் கல் அருகே பேச்சு விட்டு விட்டு வந்தது. குளியலறையில் நின்றே போனது. பிறகு போனை முன் அறையிலிருந்து எடுத்துச் சமையலறை அலமாரியில் வைத்தோம். மறுபடியும் நடக்கச் சொன்னோம். துவைக்கும் கல்லிலும் பேச முடிந்தது. குளியலறையிலும் பேச முடிந்தது.

என்ன செலவு? ஒரு ஆணி. போனுக்கு ஒரு பலகை. அவ்வளவுதான்.

அடுத்து ஒன்றைக் கவனித்தோம். கடிகாரத்தில் முதல் எண்ணாக மச்சானின் எண் இருந்தது. அத்தை பகல் 11 மணிக்கு விழுகிறார் என்று வைத்துக் கொள்வோம். மகனைக் கூப்பிடுகிறார். மகன் எங்கே இருக்கிறான்? 100 கிலோமீட்டர் தள்ளி. ரயிலைப் பிடித்து அவன் வருவதற்குள் என்ன ஆகும்?

மச்சானுக்கு அதைக் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "அம்மா முதல்ல என்னைத்தான் கூப்பிடணும்னு நினைச்சேன்" என்றான்.

அத்தை சொன்னார்: "உன்னைக் கூப்பிட்டா நீ பயப்படத்தான் முடியும். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டா தூக்கி விடுவாங்க."

முதல் எண்ணாகப் பக்கத்து வீட்டு அம்மாவின் எண்ணைப் பதிந்தோம். இரண்டாவது என் எண். மூன்றாவது மகனின் எண். ஆம்புலன்சுக்கு 108. எந்த அவசரத்துக்கும் 112. இந்த இரண்டு எண்களையும் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டினோம்.

இன்னொரு ஏற்பாடும் செய்தோம். மயக்கம் வந்து விழுந்தால் அத்தையால் கடிகாரத்தைத் தொடவே முடியாது. எனவே பக்கத்து வீட்டு அம்மா தினமும் 11 மணிக்கும் 3 மணிக்கும் ஒரு குரல் கொடுப்பார். பதில் வராவிட்டால் கதவைத் திறந்து பார்ப்பார். அவரிடம் ஒரு சாவி கொடுத்திருக்கிறோம்.

முடிவு என்ன? அத்தைக்குத் தனி சிம் கடிகாரம் தேவைப்படவில்லை. இந்த 1,800 ரூபாய்க் கடிகாரமே போதும் என்று முடிவு செய்தோம். 30,000 ரூபாய்க் கடன் வாங்கவில்லை.

எல்லோருக்கும் இதே பதிலா?

இல்லை. இதையும் சொல்ல வேண்டும்.

அதே தெருவில் ஒரு தாத்தா இருக்கிறார். நடக்க நன்றாக நடப்பார். ஆனால் மறதி அதிகம். விடியற்காலையில் எழுந்து எங்கேயோ போய்விடுவார். வழி மறந்துவிடும். போனைக் கையில் கொடுத்தால் எங்காவது வைத்துவிடுவார். ஆனால் கையில் கட்டிய கடிகாரத்தைக் கழற்ற மாட்டார். சுரங்க நாளிலிருந்து வந்த பழக்கம்.

அவருடைய நோட்டை எழுதிப் பார்த்தால் என்ன தெரியும்? "நான் எங்கே?" என்ற கட்டத்துக்கும் "போன் எங்கே?" என்ற கட்டத்துக்கும் ஒட்டே இருக்காது. அவரை ப்ளூடூத் கடிகாரம் காப்பாற்றாது. அவர் இருக்கும் இடத்தை வீட்டுக்குச் சொல்லும் சிம் கடிகாரம்தான் உதவும். அந்த வீட்டில் வாங்கலாமா என்று கேட்டார்கள். வாங்குங்கள் என்றுதான் சொன்னேன்.

தினமும் ரயிலில் போகும் நம் பிள்ளைகளுக்கு? அவர்கள் பையில் எப்போதும் போன் இருக்கிறது. தனி சிம் வேண்டாம். அது வெறும் கூடுதல் செலவு.

சில தொழிற்சாலைகளில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக் கொள்கிறார்கள். அங்கே சிம் கடிகாரம் உதவுமா? முதலில் கேட்டுக் கொள்ளுங்கள். போனைத் தடுக்கும் இடத்தில் பேசும் கடிகாரத்தையும் தடுக்கலாம்.

கடலோரத்தில் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள் இதைக் கேளுங்கள். மீன் பிடிக்க ஆழ்கடலுக்குப் போகிறவருக்கு சிம் கடிகாரம் துணை இல்லை. டவர் கரையில்தான் இருக்கிறது. தூரம் போனால் அதன் அலை எட்டாது. ஆபத்தைத் தெரிவிக்க மீனவர்களுக்கென்றே இஸ்ரோ ஒரு கருவி செய்திருக்கிறது. அது டவரை நம்பாமல் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும். கடலுக்கு அது போன்ற கருவிதான் வேண்டும்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். எனக்கு ஆபத்து வரும் நேரத்தில் என் போன் எங்கே இருக்கும்? எட்டும் தூரத்தில் இருக்கும் என்றால் தனி சிம் வேண்டாம். எட்டாத தூரத்தில் இருக்கும், அதை மாற்றவும் முடியாது என்றால் தனி சிம் வேண்டும்.

செலவைக் கூட்டிப் பாருங்கள்

ஒரே கடிகாரம் இரண்டு விதமாக விற்கும். சிம் இல்லாதது ஒன்று. சிம் உள்ளது ஒன்று. ஒரு கணக்குப் போடுவோம். சிம் உள்ளதற்கு 5,000 ரூபாய் அதிகம் என்று வைத்துக் கொள்வோம். கடிகாரத்து இணைப்புக்கு மாதம் 150 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம்.

வருடத்துக்கு 12 மாதம். 150 ரூபாயை 12ஆல் பெருக்கினால் 1,800 ரூபாய். மூன்று வருடத்துக்கு 5,400 ரூபாய். அதோடு முதலில் கொடுத்த 5,000 ரூபாயைக் கூட்டுங்கள். மொத்தம் 10,400 ரூபாய். சிம்முக்காக மட்டும் இவ்வளவு ஆகிறது. கடிகாரத்தின் விலை தனி. உங்கள் திட்டத்தில் மாதக் கட்டணம் கூடலாம், குறையலாம், இல்லாமலும் இருக்கலாம். கேட்டுக் கொண்டு இதே மாதிரி கூட்டிப் பாருங்கள்.

பணம் மட்டும் அல்ல. சார்ஜும் செலவாகும். சிம் வழியாகப் பேசினால் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். இப்படிப்பட்ட கடிகாரங்களைப் பெரும்பாலும் தினமும் சார்ஜ் போட வேண்டும். இரவில் சார்ஜில் போட்டுவிட்டுக் குளியலறைக்குப் போய் விழுந்தால் என்ன பயன்? வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தில் சார்ஜ் போடுங்கள். அத்தை, மகன் வந்து சாப்பிடும் நேரத்தில் போடுகிறார்.

கடைக்குப் போகும் முன்

நாம் இப்போது எழுத்துப் படிக்கத் தெரிந்தவர்கள். பெட்டியின் மேல் இருப்பதைப் படிக்க வேண்டும். அங்கே ஆங்கில எழுத்துகள் இருக்கும். பயப்பட வேண்டாம். சில சொற்கள் போதும். இவற்றை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று உங்கள் மைய ஆசிரியரிடம் கேட்டு நோட்டில் எழுதிக் கொள்ளுங்கள்.

பி.டி. காலிங் அல்லது ப்ளூடூத் காலிங் என்று இருந்தால், போன் பக்கத்தில் இருந்தால்தான் பேச முடியும்.

ஜி.பி.எஸ். என்று மட்டும் இருந்தால், தன் இடத்தை அறியும். அதனால் தனியாகப் பேச முடியாது.

செல்லுலார், எல்.டி.இ., 4ஜி, இ-சிம் என்று இருந்தால், சொந்த இணைப்பு உண்டு.

பிறகு கடைக்காரரிடம் ஐந்து கேள்வி கேளுங்கள்.

ஒன்று: போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் இதில் பேச முடியுமா?

இரண்டு: என்னிடம் உள்ள போனோடு இது சேருமா? ஆப்பிள் கடிகாரத்துக்கு ஆப்பிள் போன் வேண்டும். சாம்சங்கின் புதிய கடிகாரங்கள் ஆப்பிள் போனோடு சேராது. பட்டன் போன் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

மூன்று: என் சிம் நிறுவனமும் என் திட்டமும் இதற்கு இணைப்புக் கொடுக்குமா? மாதம் எவ்வளவு?

நான்கு: இது எத்தனை ஜி? சிம் போடும் சில மலிவான கடிகாரங்கள் 2ஜியில் மட்டுமே வேலை செய்யும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. 2ஜி கடிகாரத்தில் ஜியோ சிம் போட்டால் பேச முடியாது.

ஐந்து: ஒரு முறை சார்ஜ் போட்டால் சிம்மோடு எத்தனை மணி நேரம் நிற்கும்?

பதில்களை நோட்டில் எழுதிக் கொள்ளுங்கள். ரசீது வாங்க மறக்காதீர்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. "உங்கள் சிம்மை இ-சிம்மாக மாற்றித் தருகிறோம், வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று யாராவது போனில் கேட்டால் சொல்லாதீர்கள். அந்த ஓ.டி.பி. எண்ணைக் கொடுத்தால் உங்கள் செல்போன் எண்ணே அவன் கைக்குப் போய்விடும். வங்கிப் பணமும் போகும். இ-சிம் வேண்டுமென்றால் நீங்களே நிறுவனத்தின் கடைக்குப் போங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள்.

அம்மாக்களே, அய்யாக்களே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். நோட்டை எடுங்கள். நான்கு கட்டம் போடுங்கள். நேரம், நான் எங்கே, போன் எங்கே, வீட்டில் வேறு யார். ஏழு நாள் எழுதுங்கள். எட்டாவது நாள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து படியுங்கள். அதன் பிறகு கடைக்குப் போகலாமா, ஒரு ஆணி அடித்தால் போதுமா என்று முடிவு செய்யுங்கள்.

என் அத்தை இதோ முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மணி ஏழே கால் என்று கடிகாரத்தைக் காட்டுகிறார். மச்சான் வரும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. நானும் முடித்துக் கொள்கிறேன்.